புனித லித்வினாவும் ஒரு ஸ்கேன் படமும்



ஏப்ரல் 14-ம் நாள் ஸ்கீடாம் நகரப் புனித லித்வினாவின் நினைவு நாள். நம் ஆலயங்களில் இவருடைய சுரூபத்தைக் காண்பது அரிது. ஆனால் ஐரோப்பாவில் இவர் நன்கு அறியப்பட்டவர். நீண்ட கால நோயாளர்களும், பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களும் இவரைத் தங்கள் பாதுகாவலியாகக் கொண்டிருக்கிறார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்தப் புனிதையைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் திருப்பலி முடித்துப் புறப்படும் நேரம். கணவனும் மனைவியுமாக இருவர் வந்து நின்றார்கள். அந்த அம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். கணவர் கையில் ஒரு பெரிய உறை இருந்தது. அதற்குள் கறுப்பு பிலிம்களும் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும். கீழே சமவெளியில் ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்தது. மருத்துவரைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் அந்தப் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து ஊரே பார்த்துவிட்டது. மூளைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒருவர் கட்டி என்றாராம். இன்னொருவர் புழு என்றாராம். வேறொருவர் செய்வினை என்றாராம். சாமி ஆங்கிலம் படித்தவராயிற்றே, அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று என்னிடம் கொண்டு வந்தார்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். மூளையைப் பற்றித் தெரியாது. ஆனால் அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு ஓராண்டுக்கு முன் ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னார். சில வாரங்களில் சரியாகிவிட்டது. பிறகு கால் மரத்துப் போகிறது என்றார். மதியத்துக்கு மேல் உடம்பு ஒத்துழைக்க மறுக்கிறது என்றார். பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சாக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னிலையில் அதைச் சொல்லியும் விட்டேன். அந்த உறையைக் கையில் வாங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

அன்று இரவு எனக்குப் புனித லித்வினாவின் வரலாறு நினைவுக்கு வந்தது. குருமடத்தில் எப்போதோ படித்தது. அவர் வரலாற்றிலும் ஒரு பங்குத்தந்தை வருகிறார். நோயாளி சொன்னதை நம்பாத பங்குத்தந்தை.

பனிமேல் விழுந்த சிறுமி

லித்வினா 1380-ம் ஆண்டு ஹாலந்து நாட்டில் ஸ்கீடாம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பீட்டர், தாய் பெட்ரோனில்லா. ஒன்பது பிள்ளைகளில் இவர் ஒருவரே பெண். நல்ல குடும்பம்தான், ஆனால் வறுமைப்பட்ட குடும்பம். தந்தை ஊரின் இரவுக் காவலராக வேலை பார்த்தார். சிறுமி வீட்டு வேலைகளில் தாய்க்கு உதவியாக இருந்தாள். ஆரோக்கியமான, அழகான பெண். திருமணப் பேச்சு வந்தபோது அவள் மறுத்தாள் என்றும், தன்னைக் கடவுளுக்கே கொடுக்க விரும்பினாள் என்றும் வரலாறு சொல்கிறது.

குளிர்காலத்தில் அந்நாட்டின் கால்வாய்கள் உறைந்து கல்லாகிவிடும். பிள்ளைகள் அதன்மேல் சறுக்கி விளையாடுவார்கள். லித்வினாவுக்குப் பதினைந்து வயது. 1395-96 குளிர்காலத்தில் ஒரு நாள் தோழிகளோடு பனியில் சறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தோழி வேகமாக வந்து மோதியதில் பனிக்கட்டிகளின் மேல் விழுந்து வலப்பக்க விலா எலும்பை முறித்துக்கொண்டாள். இந்தக் காட்சியை மரத்தில் செதுக்கி, 1498-ல் அச்சான அவருடைய வரலாற்று நூலில் சேர்த்திருக்கிறார்கள். பனிச்சறுக்கைக் காட்டும் மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்று.

எலும்பு முறிவு சில மாதங்களில் குணமாக வேண்டும். இவருக்கோ அங்கிருந்துதான் துன்பம் தொடங்கியது. நடை தடுமாறியது. முதலில் சுவரையும் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு தவழ்ந்தார். பிறகு படுக்கைதான். கடுமையான தலைவலியும் பல்வலியும் வந்தன. பத்தொன்பது வயதுக்குள் இரண்டு கால்களும் செயலிழந்தன, பார்வையும் பாதிக்கப்பட்டது. பின்னாளில் வலக்கை விழுந்துவிட்டது. ஒரு கண் பார்வை போயிற்று. மற்றக் கண்ணால் வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை. விழுங்குவதே சிரமமாயிற்று. இடையிடையே சற்றுத் தெளிவான காலங்களும் வந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் முன்பிருந்த நிலைக்கு அவர் திரும்பவில்லை.

தந்தை மருத்துவர்களை அழைத்து வந்தார். மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தும் பயனில்லை. கடைசியில் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த கோட்ஃப்ரீட் என்னும் பேர்பெற்ற மருத்துவர் வந்து பார்த்தார். இந்த நோயைக் குணமாக்கும் வழி தங்கள் மருத்துவக் கலையிடம் இல்லை என்றும், இருக்கும் கொஞ்சப் பணத்தையும் இதில் இழக்க வேண்டாம் என்றும் அவர் தந்தையிடம் உண்மையைச் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மருத்துவர் ஏழைக்குச் செய்யும் உதவி பெரியது.

உடனே புனிதை ஆகிவிடவில்லை

நாம் புனிதர்களைச் சுரூபமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அவர்கள் துன்பத்தைப் புன்னகையோடு ஏற்றார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். லித்வினா அப்படி ஏற்கவில்லை. படுக்கையில் கிடந்த முதல் ஆண்டுகளில் அவர் அழுதுகொண்டேயிருந்தார். தோழிகள் நலமாக வந்து போவதைக் கண்டு மனம் கசந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்களை அவரால் தாங்க முடியவில்லை.

யான் பாட் என்னும் குருவானவர் அவரைச் சந்திக்க வந்தார். ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கும்படி அவர் சொல்லிக் கொடுத்தார். லித்வினா முயன்று பார்த்தார். அதில் சுவையே இல்லை என்று சொல்லி விட்டுவிட்டார். குருவானவர் சலிக்காமல் மீண்டும் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்த ஜெபம் அவருக்குள் வேர்விட்டது. தன் வலியைத் தனியாகச் சுமக்கவில்லை என்று அவர் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

அதன்பின் அந்த இருட்டறை ஊருக்கே ஆறுதல் தரும் இடமாயிற்று. தனக்கு வந்த காணிக்கைகளை அவர் ஏழைகளுக்குக் கொடுத்தார். வைக்கோல் படுக்கையில் கிடந்தபடியே யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விசாரித்து அனுப்பினார். துன்பப்பட்டவர்கள் அவரிடம் பேசிவிட்டுத் தெளிவோடு திரும்பினார்கள்.

ஆனால் எல்லாரும் நம்பவில்லை. அவர் உணவில்லாமல் இருக்கிறார் என்று ஊர் பேசியபோது, வஞ்சகம் என்றனர் சிலர். பேயின் வேலை என்றனர் வேறு சிலர். பங்குத்தந்தை ஆந்திரீஸ் என்பவரும் சந்தேகப்பட்டார். அடிக்கடி நன்மை வழங்க அவர் மனம் ஒப்பவில்லை. அர்ச்சிக்கப்படாத அப்பத்தை ஒருமுறை நற்கருணை என்று கொடுத்துச் சோதித்தார் என்றும், லித்வினா அதைக் கண்டுகொண்டார் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1421-ல் ஸ்கீடாம் நகர அதிகாரிகள், அவர் உண்பதும் உறங்குவதும் இல்லை என்று சான்றிதழே எழுதி வைத்தார்கள். 1425-ல் ஊருக்குள் வந்த பிக்கார்டி நாட்டுப் படைவீரர்கள் படுக்கையில் கிடந்த அவரை இழிவாகப் பேசிக் கொடுமைப்படுத்தினார்கள்.

பாருங்கள், அன்பார்ந்தவர்களே. ஒரே பெண். மருத்துவர் கண்டது குணமாக்க முடியாத நோயை. சிலர் கண்டது அற்புதத்தை. சிலர் கண்டது பேயை. பங்குத்தந்தை கண்டது பொய்யை. அவருடைய உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை யாராலும் காண முடியவில்லை. எனவே ஒவ்வொருவரும் தம் மனத்தில் இருந்ததை அவர்மேல் ஏற்றிப் பார்த்தார்கள்.

1433-ம் ஆண்டு ஏப்ரல் 14, உயிர்ப்பு விழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, ஐம்பத்து மூன்று வயதில் லித்வினா இறைவனடி சேர்ந்தார். கிறிஸ்துநாதர் அனுசாரம் நூலின் ஆசிரியராக நாம் அறிந்திருக்கும் தாமஸ் அகெம்பிஸ் அவருடைய வரலாற்றை எழுதினார். யோவான் ப்ரூக்மன் என்னும் பிரான்சிஸ்கன் துறவியும் எழுதினார். 1615-ல் அவருடைய திருப்பண்டங்கள் பிரசல்ஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1871-ல் மீண்டும் ஸ்கீடாமுக்கு வந்தன. 1890-ல் திருத்தந்தை 13-ம் சிங்கராயர் அவருக்குரிய வணக்கத்தை உறுதி செய்தார்.

தழும்புகளைக் கண்டவர்கள்

1868-ல் பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் பேராசிரியர் ஒரு நோயைத் தெளிவாக விளக்கினார். கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், பார்வைக் கோளாறு, கால் விறைப்பு உடையவர்களை அவர் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவர்கள் இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் சோதித்தார். அங்கங்கே இறுகிப்போன திட்டுகள் இருந்தன. இந்த நோயைத்தான் இன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்கிறோம். பல இடங்களில் தழும்பு இறுகியிருப்பது என்பதே அந்தப் பெயரின் பொருள்.

மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நம் நரம்பு இழைகளுக்கு மயலின் என்னும் உறை உண்டு. கிருமிகளோடு போராட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, வழிதவறி இந்த உறையையே தாக்குவதுதான் எம்.எஸ். உறை சிதைந்த இடத்தில் செய்தி தடைப்படுகிறது. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. இது ஒட்டுவாரொட்டி அல்ல. கீழே விழுந்ததால் வருவதும் அல்ல.

1979-ல் மெடார் என்னும் மருத்துவர், லித்வினாவின் பழைய வரலாறுகளை ஆராய்ந்து, அவருக்கு இருந்தது எம்.எஸ். ஆக இருக்கலாம் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார். இளவயதில் தொடங்கியது, நடை, பார்வை, முகம், விழுங்குதல் எனப் பல இடங்களைத் தொட்டது, ஏறியும் தணிந்தும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் நீடித்தது ஆகியவை பொருந்தி வருகின்றன. பொருந்தாதவையும் அந்த வரலாறுகளில் உண்டு. உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை.

அவர் அதை எழுதி இரண்டே ஆண்டுகளில், 1981-ல், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை ஆய்வாளர்கள் உயிரோடு இருக்கும் எம்.எஸ். நோயாளர்களின் மூளைத் திட்டுகளை எம்.ஆர்.ஐ. மூலம் காட்டினார்கள். ஷார்கோ மரணத்துக்குப் பிறகே கண்டதை இப்போது வாழும்போதே காண முடிகிறது. கண்டதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

லித்வினாவுக்கு ஸ்கேன் எடுத்திருந்தால்

ஒரு கற்பனை செய்வோம். லித்வினா இன்று நம் பங்கில் இருக்கிறார். நரம்பியல் மருத்துவர் அவரை எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்புகிறார்.

முதலில் உடம்பில் இருக்கும் உலோகங்களை எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலி, மெட்டி, ஜெபமாலை எல்லாம்தான். தாலியைக் கழற்றுவது அபசகுனம் என்று மனம் கலங்க வேண்டாம். அது பெரிய காந்தம்; அதனால்தான் கேட்கிறார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, எலும்பில் கம்பி வைத்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முன்பே சொல்லிவிட வேண்டும். குழாய் போன்ற இடத்தில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தட்டுவது போலச் சத்தம் கேட்கும். வலி இல்லை. எக்ஸ்ரே கதிர்களும் இதில் இல்லை.

படம் வந்துவிட்டது. வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அறிக்கையில் லீஷன் என்று எழுதியிருக்கும். அதற்குப் பாதிப்படைந்த இடம் என்றுதான் பொருள். புற்றுக்கட்டி என்று பொருள் அல்ல. டிமைலினேஷன் என்று எழுதியிருந்தால் மயலின் உறை சிதைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளைப் புள்ளி எல்லாம் எம்.எஸ். ஆகிவிடாது. வயது ஏறும்போதும், இரத்த அழுத்தம், சர்க்கரை, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் புள்ளிகள் தெரியலாம். நம் நாட்டில் காசநோயும் நாடாப்புழுவின் கட்டியும்கூட மூளையில் தடம் விடும். வைட்டமின் பி12 குறைவும் நரம்பைக் கெடுக்கும். எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. என்னும் வேறொரு நோய் உண்டு. எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் அந்த நோயாளிக்குத் தீங்கு செய்யும். ஆகவேதான் மருத்துவர் இரத்தப் பரிசோதனையும், சில நேரம் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் கேட்கிறார். பணம் பிடுங்குவதற்காக என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

மருத்துவர் புள்ளிகளை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்கிறார். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில் முட்டை வடிவில் திட்டுகள் இருக்கின்றனவா? மூளையின் மேற்புறணியை ஒட்டி இருக்கின்றனவா? மூளைத் தண்டிலும் சிறுமூளையிலும் உண்டா? தண்டுவடத்தில் உண்டா? லித்வினாவின் கால்களுக்கு என்ன ஆயிற்று என்றறியத் தண்டுவடத்தைப் பார்ப்பார்கள். விழுங்க முடியாததற்கு மூளைத் தண்டைப் பார்ப்பார்கள். பார்வைக்குக் கண் நரம்பைப் பார்ப்பார்கள். எம்.எஸ். நோயை உறுதி செய்யும் நெறிமுறைகள் மெக்டொனால்டு என்பவர் பெயரால் 2001-ல் வந்தன, பலமுறை திருத்தப்பட்டன. 2024-ம் ஆண்டுத் திருத்தத்தில் கண் நரம்பும் கணக்கில் சேர்க்கப்பட்டது.

அடுத்து, அவை எப்போது வந்தவை என்று பார்க்கிறார். இதற்காகக் கடோலினியம் என்னும் மருந்தை ஊசி மூலம் செலுத்தி மீண்டும் படம் எடுப்பதுண்டு. அண்மையில் வந்த திட்டு அப்போது பளிச்சென்று ஒளிரும். இந்த ஒளிர்வு பொதுவாகச் சில வாரங்களே இருக்கும். ஒளிராதவை பெரும்பாலும் பழையவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த ஊசிக்கு முன் அதைச் சொல்ல வேண்டும். வேறொரு வகைப் படத்தில் சில திட்டுகள் கறுப்புக் குழிகளாகத் தெரியும். அவை நீடித்து நின்றால், அந்த இடத்தில் நரம்பிழைகளே அதிகம் அழிந்திருக்கின்றன என்பதற்கு அடையாளம்.

படம் சொல்வதும் சொல்லாததும்

இங்கேதான் குடும்பங்கள் பெரிதும் தடுமாறுகின்றன. இருபது புள்ளிகள் என்றால் இருபது மடங்கு ஆபத்து என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. அமைதியான இடத்தில் பல திட்டுகள் இருந்தும் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தண்டுவடத்தில் ஒரே ஒரு சிறு திட்டு இன்னொருவரை ஊன்றுகோல் பிடிக்க வைக்கலாம். ஒருவர் நாளைக்கு நடப்பாரா என்பதைப் படத்தில் உள்ள எண்ணிக்கை தனியாகச் சொல்லிவிடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோயாளி நன்றாக இருக்கும்போதே படத்தில் புதுத் திட்டு வரலாம். நெருப்பு உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அது எச்சரிக்கை. அப்போது மருத்துவர் மருந்தை மாற்ற நினைக்கலாம். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்து அமெரிக்காவில் 1993-ல் அனுமதி பெற்றது. இன்று பல மருந்துகள் இருக்கின்றன. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால் புதுத் தழும்புகள் வராமல் தடுக்கும் வழிகள் உண்டு. லித்வினாவுக்குக் கிடைக்காதது இது.

எனவே பழைய பிலிமையும் குறுந்தகட்டையும் தூக்கி எறிய வேண்டாம். பரணில் மழை படும் இடத்திலும் வைக்க வேண்டாம். புதுப் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நோய் நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியும். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. மருத்துவரிடம் போகும்போது நான்கு கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். புதிய திட்டு உண்டா? ஏதாவது ஒளிர்கிறதா? தண்டுவடத்தில் உண்டா? இதனால் மருந்தில் மாற்றம் வேண்டுமா? அவர் சொல்லும் பதிலையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். படபடப்பில் கேட்டது படி இறங்கும் முன் மறந்துவிடும்.

அந்த அம்மாவுக்கு எம்.எஸ். என்று மருத்துவர் உறுதி செய்தார். சிகிச்சை தொடங்கினார்கள். ஓராண்டு கழித்து மீண்டும் படம் எடுத்தார்கள். புதுத் திட்டு எதுவும் இல்லை, நிலைமை மாறவில்லை என்று அறிக்கை வந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வீட்டில் வேறு விதமாகப் பேச்சு எழுந்தது. படத்தில்தான் ஒன்றும் இல்லையே, பிறகு ஏன் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை, சாமை அறுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

அன்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புதிதாக ஒன்றும் வரவில்லை என்றுதான் படம் சொல்கிறது. பழைய தழும்பு போய்விட்டது என்று சொல்லவில்லை. இந்த நோயில் வரும் சோர்வு சாதாரணக் களைப்பு அல்ல. தூங்கி எழுந்தாலும் தீராது. வெயில் ஏறினால், காய்ச்சல் வந்தால், கால் மேலும் தளரும், பார்வை மங்கும். உடம்பு குளிர்ந்தால் திரும்பும். சோர்வை அளந்து காட்டும் ஸ்கேன் படம் இன்னும் வரவில்லை. அதை அவர் வாயால்தான் நாம் அறிய முடியும். ஆகவே அவர் சொல்வதை நம்ப வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, நாலு பேர் முன் கடிந்துகொண்டதற்கு, நாலு பேர் முன்னாலேயே அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி போட எழுந்தார். அவர் கணவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே அடுப்படிக்குப் போனார்.

நமக்கான அழைப்பு

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டார்கள். அவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. நாம் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யார் வைத்த செய்வினை, எந்தப் பாறையில் வழுக்கி விழுந்தாள், எந்தத் தாய்வழி வந்தது என்று தேடுகிறோம். ஸ்கீடாம் ஊரார் லித்வினாவுக்குச் செய்ததைத் திரும்பச் செய்கிறோம்.

லித்வினாவின் வரலாற்றில் மூன்று பேர் நமக்கு வழி காட்டுகிறார்கள். தெரிந்ததை மட்டும் சொன்ன மருத்துவர் கோட்ஃப்ரீட். சுவையில்லை என்று சொன்ன நோயாளியிடம் சலிக்காமல் திரும்பத் திரும்ப வந்த குருவானவர் யான் பாட். படுக்கையில் கிடந்தும் பிறர் வீட்டு அடுப்பை நினைத்த லித்வினா. சந்தேகப்பட்ட பங்குத்தந்தையும் ஒரு பாடம்தான். அது என்னைப் போன்றவர்களுக்கு.

உங்கள் வீட்டில், உங்கள் அன்பியத்தில் இப்படி ஒருவர் இருந்தால், கையில் படத்தோடு மருத்துவரிடம் போகும் நாளில் துணைக்குப் போங்கள். மலையிலிருந்து இறங்கிப் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவும் உண்டு. அன்பியத்தார் கொஞ்சம் கொடுத்து உதவலாம். நோயில்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. இப்படி நீண்ட நோயைச் சுமப்பவர்களும் அதைத் தயங்காமல் கேட்டுப் பெறலாம். மருந்தை நிறுத்திவிட்டு ஜெபிக்கச் சொல்கிறவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். மருந்தும் ஜெபமும் சேர்ந்தே இருக்கட்டும்.

லித்வினாவின் இருட்டறையில் ஆண்டவர் உடனிருந்தார். ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கும் நம் சகோதரியோடும் அவர் இருக்கிறார். படத்தில் தெரிவதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். படத்தில் தெரியாததைக் கேட்டறிந்து அவரோடு சேர்ந்து சுமப்பது நம் பங்கு.

புனித லித்வினாவே, எங்கள் நோயாளர்களுக்காக வேண்டிக்கொள்ளும்.